பி பக்கத்து மூன்றாவது பாட்டு

அய்யாசாமிக்கு நூற்று நாற்பது இங்கிலீஷ் பாட்டுகள் தெரியும். இங்கிலீஷ் வார்த்தைகள் என்று பார்த்தால், பெயிண்ட் டப்பாவின்மேல் அச்சடித்திருப்பவை போக, முப்பதோ நாற்பதோ தேறும். இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லையே என்று இருபத்தாறு வருஷத்தில் ஒருநாளும் அவருக்குத் தோன்றியதில்லை. வாரம் முழுக்க மைசூரின் சுவர்களுக்குப் பட்டி பார்த்து வண்ணம் அடிப்பார். சனிக்கிழமை மட்டும் நாலு மணிக்கே சாரத்தைவிட்டு இறங்கிவிடுவார். டர்பன்டைன் வாசம் போகத் தேய்த்துக் குளித்து, கறுப்புச் சட்டை மாட்டிக்கொண்டு, ஏழு மணிக்கு ஒரு ஹோட்டலின் சின்ன மேடையில் மைக்கைப் பிடித்து நிற்பார். கீழே சாப்பிட உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டுச் சுவரை அவர் தொட்டிருப்பார். ஒருவரும் அடையாளம் கண்டுகொண்டதில்லை.

கௌதள்ளி என்ற கிராமத்தில் எட்டாவது வரை படித்தவர். இருபது வயதில் கொள்ளேகால் வந்து, அங்கிருந்து பஸ் மாறி மைசூருக்கு வேலை தேடி வந்தார். முதல் வருஷம் ஒரு கேசட் கடைக்கு வண்ணம் அடித்தபோது, வேலை முடிந்த அன்று கடைக்காரர் ஒரு கேசட்டை எடுத்துக் கையில் கொடுத்தார். யாரோ காலேஜ் மாணவன் பாட்டுகளைப் பொறுக்கிப் பதியச் சொல்லிவிட்டு, வாங்கிப்போக வராமலேயே விட்ட கேசட். அட்டையில் பாட்டின் பெயரோ பாடியவர் பெயரோ கிடையாது. ஏ, பி என்று இரண்டு எழுத்து, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய டேப்ரிக்கார்டர் ஒன்று வாங்கினார். தமிழ்ப் பாட்டு வேண்டுமென்றால் அதிலேயே ரேடியோ இருந்தது. கேசட் என்று அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். அந்தப் பெட்டிக்குள் சக்கரத்தைச் சுற்றும் ரப்பர் பெல்ட் தளர்ந்துபோயிருந்தது. ரேடியோவுக்குப் பெல்ட் தேவையில்லை, அதனால் ரேடியோ சரியாகப் பாடியது. கேசட் மட்டும் மெதுவாக ஓடியது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு கேசட் இல்லாததால் அது மெதுவாக ஓடுகிறது என்பதே அவருக்குத் தெரியாது. நாடா ஒவ்வொரு பாட்டாகச் சிக்கி அறுந்துகொண்டே வந்து, கடைசியில் பி பக்கத்து மூன்றாவது பாட்டு ஒன்றுதான் முழுசாக மிஞ்சியது. அதை அவர் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். வீட்டை விட்டுக் கிளம்பிய ஒருவன் வழியில் நின்று திரும்பிப் பார்க்கிறான், அதுதான் பாட்டு என்று பின்னால் யாரோ சொல்லித் தெரிந்தது. சொல்வதற்கு முன்பே ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும் என்று அவர் நினைத்துவைத்திருந்தார்.

அந்த ஹோட்டலுக்கு வண்ணம் அடிக்கப் போனபோது, சாரத்தின்மேல் நின்று அதைப் பாடிக்கொண்டிருந்தார். கீழே வாத்தியங்களை இறக்கிக்கொண்டிருந்த குழுத் தலைவர் அண்ணாந்து பார்த்து, "ஏன்ப்பா, இறங்கி வந்து பாடறியா?" என்றார். இறங்கி வந்தவர்தான். மற்றப் பாட்டுகளையெல்லாம் குழுதான் அவருக்குக் கொடுத்தது. இந்த ஒரு பாட்டை அவர் குழுவுக்குக் கொடுத்தார். மெதுவாகப் பாடுவது அவருடைய பாணி என்று நினைத்து, அசல் தெரிந்தவர்களும் எதுவும் சொல்லவில்லை. பெயர் தெரியாத பாட்டுக்கு "மூணு" என்பதே பெயராக நின்றுவிட்டது.

மேடையில் நின்று நின்று அவர் ஒன்றைக் கண்டுவைத்திருந்தார். புதிதாக வரும் பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கேட்பார்கள். ஒரு பருவம் கேட்பார்கள், பிறகு அந்தச் சீட்டு வராது. ஆனால் பத்துப் பன்னிரண்டு பழைய ராக் பாட்டுகள் மட்டும் ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் வந்துகொண்டே இருக்கும். அப்பன் கேட்டதை மகன் கேட்பான். இது என்ன மாயம் என்று சுவருக்கு உப்புக்காகிதம் தேய்க்கிற நேரத்தில் யோசிப்பார். அந்தப் பாட்டுகளில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கிடாரில் கார்டு என்கிற சுரக்கூட்டு நாலுதான் திரும்பத் திரும்ப வரும், குழந்தைகூட முணுமுணுக்கலாம். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு வாசல் இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து பாடும் கூட்டுவரி தொடங்குவதற்கு முன்னால் டிரம் கண் இமைக்கும் நேரம் நின்றுவிடும். பாடுகிறவனும் நிற்பான். அந்த இடத்தில்தான் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளே வருவார்கள். பல் டாக்டர் வருவார், கொள்ளேகால் பட்டு வியாபாரி வருவார், பரிமாறுகிறவர்கூடத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வாயசைப்பார். எல்லாவற்றையும் தானே பாடி முடித்துவிடுகிற பாட்டு நிற்பதில்லை. இடம் விட்ட பாட்டுதான் நிற்கிறது. அவருக்குத் தெரிந்தவரை அவ்வளவுதான் ரகசியம்.

அப்படி வருகிறவர்களில் முதல் ஆள் ஜகதீசன். ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், அக்ரஹாரத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். மனைவி லலிதாம்பாளோடு ஜன்னலோர மேஜைக்கு வருவார். அந்த அம்மாள் சாத்துக்குடி ஜூஸ் தவிர அங்கே எதையும் தொடமாட்டார். எட்டே காலுக்கு ஒரு சீட்டு மேடைக்கு வரும். அதில் வேறொன்றும் இருக்காது, "3" என்ற எண் மட்டும்தான். பாடும்போது அந்த வாசலில் அய்யாசாமி நிற்பார், ஜகதீசனின் உதடு அசையும், பிறகு இவர் தொடருவார். பதினோரு வருஷம் இப்படி. ஒருநாளும் இரண்டு பேரும் நின்று பேசியதில்லை. போகும்போது ஒரு தலையசைப்பு, அவ்வளவே.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஜன்னலோர மேஜை காலியாக இருந்தது. சீட்டு வரவில்லை. பழக்கத்தில் மூணைப் பாடினார். யாரோ மாணவர்கள் அதைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றினார்கள்.

மறுநாள் ஒத்திகையில் கிடார்க்காரன் தீபக் போனை நீட்டினான். இருபத்துநாலு வயது, மைசூரிலேயே பிறந்து வளர்ந்த, பேச்சில் கன்னடம் கலக்கும் தமிழ்ப் பையன், குழுவுக்கு வந்து ஆறு மாதம்.

"அண்ணா, நீங்க ஃபேமஸ் ஆயிட்டீங்க குரு! நாப்பதாயிரம் பேர் பாத்திருக்காங்க."

"ஏனப்பா, என்ன எழுதியிருக்கறாங்க?"

தீபக் சிரித்துக்கொண்டே படித்தான். "பேட்டரி இறங்கிப்போன டேப்ரிக்கார்டர் பாடுதுன்னு ஒருத்தன்..." பாதியில் அவன் சிரிப்பு நின்றது. அய்யாசாமியின் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"அப்படீன்னா?"

"சும்னே கலாய்க்கிறாங்கண்ணா. விடுங்க."

"விடறது இருக்கட்டும். எதுக்கு அப்படிச் சொல்றான்?"

வேறு வழியில்லாமல் தீபக் அசல் பாட்டைப் போட்டான். வேறு ஏதோ பாட்டு என்றுதான் அய்யாசாமி முதலில் நினைத்தார். குதிரை ஓடுவதுபோல டிரம் ஓடியது. இரண்டாம் வரி வந்தது. அது அவருடைய நோட்டில் இருந்த வரி. மூன்றாம் வரியும் அவருடையதுதான். இவர் நின்று மூச்செடுக்கிற இடங்களையெல்லாம் அந்தக் குரல் நிற்காமல் தாண்டிப் போனது. தளர்ந்த பெல்ட் அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார்.

"தெரியும்ணா. உங்க ஸ்டைல்னு நெனச்சேன்."

"ஸ்டைலெல்லாம் இல்லப்பா. எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

அடுத்த சனிக்கிழமை அவர் ஹோட்டலுக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லியனுப்பினார். அவர் குடியிருந்த மேட்டகள்ளி வீட்டில் கறுப்புச் சட்டை ஆணியிலேயே தொங்கியது. மனைவி சாமியாத்தாள் இரண்டு வாரம் பார்த்தாள், மூன்றாம் வாரம் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, இருவத்தாறு வருசமாத் தப்பாப் பாடினீங்கன்னே வெச்சுக்கலாம். எவனாச்சும் பாதீல எந்திரிச்சுப் போனானா?"

"போகலேன்னா நல்லதுன்னா அர்த்தம்? பாவம்னு விட்டிருப்பாங்க. கோணலா அடிச்ச சுவத்தையுந்தான் ஆளுங்க பாத்துட்டு ஒண்ணுஞ் சொல்லாமப் போறாங்க."

"நீங்க கோணலா அடிச்சு நான் பாத்ததில்ல."

"பாட்டுல அடிச்சிருக்கறேனே."

"அப்ப இனிமேப் பாடறதே இல்லையா?"

அவர் நோட்டை எடுத்து ரேஷன் கார்டு வைக்கிற பெட்டிக்குள் வைத்து மூடினார்.

திங்கட்கிழமை விஜயநகர் நாலாவது ஸ்டேஜ் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தபோது தீபக்கின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால் நாற்பது வயதுக்காரர் ஒருவர், மழித்த தலையில் தொப்பி.

"அய்யாசாமி சார்?" என்றார் அவர். வேலை இடத்தில் யாரும் அவரை சார் என்று கூப்பிட்டதில்லை. "நான் ஸ்ரீவத்ஸன். ஜகதீசனோட மகன். ஜன்னல் பக்கத்து டேபிள்..."

அய்யாசாமி மழித்த தலையைப் பார்த்தார். கேட்கவேண்டியிருக்கவில்லை. "எப்பங்க?" என்றார்.

"பதிமூணு நாள் காரியம் நேத்தோட முடிஞ்சுது. வியாழக்கிழமை நான் ஊருக்குப் போணும். அதுக்குள்ள நீங்க ஆத்துக்கு வந்து அந்தப் பாட்டை ஒரு தடவை பாடணும்னு அம்மா கேக்கறா."

அய்யாசாமி பட்டித் தகட்டைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

"தம்பி, நான் பாடறது தப்புங்க. எனக்கே போன மாசந்தான் தெரிஞ்சுது. உங்கப்பாவுக்கு அசலைப் போடுங்க. அதுதான் மரியாதை."

"போட்டேனே," என்றார் ஸ்ரீவத்ஸன். "அப்பா காலேஜ்ல வாங்கின ரிக்கார்டு ஆத்துலயே இருக்கு. போட்டேன். இது அதில்லைன்னு அம்மா எழுந்து உள்ள போயிட்டா."

அய்யாசாமியின் கை நின்றது. "ரிக்கார்டு வீட்டுல இருக்குதுங்களா? அப்ப அய்யாவுக்கு அசல் தெரியுமா?"

"மனப்பாடமாத் தெரியும்."

தெரிந்த மனிதர் பதினோரு வருஷம் வாரந்தவறாமல் வந்து, "3" என்று எழுதிக் கேட்டிருக்கிறார். எதற்கு? சுவாரசியத்துக்கா? பெயிண்டர் ஒருவன் பாட்டை இழுத்து இழுத்துப் பாடுவதை வேடிக்கை பார்க்கவா? அந்தத் தலையசைப்பு, உதட்டசைவு, எல்லாமே வேடிக்கைதானா? நாற்பதாயிரம் பேர் சிரித்தது அவருக்கு உறைக்கவில்லை. இந்த ஒருவர் சிரித்திருப்பாரோ என்பதுதான் உறைத்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இனி மைக்கைத் தொட முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

"நாளைக்கு வாரேனுங்க," என்றார். "பாடறேன்னு சொல்லல. வாரேன்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, தீபக்கின் ஸ்கூட்டரில் கிடாரோடு பின்னால் உட்கார்ந்து, அக்ரஹாரத்துத் தெருவுக்குப் போனார். இந்தத் தெருவில் அவர் ஏழு வீட்டுக்கு வண்ணம் அடித்திருக்கிறார். ஏழு வீட்டுக்குள்ளும் கொல்லைப்பக்கத்து வழியாகத்தான் போயிருக்கிறார். இன்றைக்கும் கால் தன்னால் பக்கத்துச் சந்துக்குத் திரும்பியது.

"அங்க எங்க போறேள்? இப்படி வாங்கோ," என்று முன்வாசலில் இருந்து குரல் வந்தது. லலிதாம்பாள் நின்றிருந்தார்.

கூடத்தில் நாற்காலி போட்டிருந்தது. ஜகதீசனின் படத்துக்கு முன்னால் விளக்கு. பக்கத்தில் மர மேஜையின்மேல் ரிக்கார்டு பிளேயர். காபி வந்தது. குடித்து முடித்த டம்ளரைக் கீழே வைக்க இடம் தெரியாமல் அய்யாசாமி கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்கோ."

"அய்யாவுக்கு அசல் பாட்டுத் தெரியும்னு தம்பி சொன்னாரு. நான் பாடறது தப்புன்னும் தெரிஞ்சிருக்கும். அப்பறமேதுக்குங்க வாராவாரம் வந்தாரு?"

லலிதாம்பாள் படத்தைப் பார்த்தார், பிறகு பிளேயரைப் பார்த்தார்.

"மொதல் நாள் கேட்டப்போ நன்னாச் சிரிச்சார். பொய் சொல்லப்படாது," என்றார். "என்னடி இது, இவன் இத்தனை மெதுவாப் பாடறான், ரயிலே கிளம்பிப் போயிடும்னார்."

தீபக் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆத்துக்கு வந்து ரிக்கார்டை எடுத்துப் போட்டார். பாதியிலே நிறுத்திட்டார். ஏன் நிறுத்திட்டேள்னு கேட்டேன். இது இருபது வயசுல கேட்டது, இதுல கிளம்பறவன் ஓடறான், திரும்பிப் பாக்கறேன்னு சொல்றானே தவிர அவனுக்கு நேரம் ஏது? அங்க பாடறவர் நிஜமா நின்னு திரும்பிப் பாக்கறார்னார். மொதல்ல அவன்னு சொன்ன மனுஷர், அதுக்கப்புறம் உங்களை அவர்னுதான் சொல்லிண்டிருந்தார். ரிக்கார்டை மறுபடியும் அவர் எடுக்கவே இல்லை, அல்வா?" இல்லையா என்கிற கடைசி வார்த்தை கன்னடத்தில் மகனைப் பார்த்து வந்தது. ஸ்ரீவத்ஸன் தலையாட்டினார்.

அய்யாசாமி டம்ளரைத் தரையில் வைத்தார்.

"அந்த ரிக்கார்டை ஒருக்காப் போடுங்க தம்பி. போன்ல கேட்டேன். சுவத்தப் புடிச்சுக்கிட்டுக் கேட்டதுல பாட்டுக் காதுல ஏறல."

ஸ்ரீவத்ஸன் முள்ளை இறக்கினார். தட்டு பிசகாமல் சுற்றியது. அய்யாசாமி எழுந்து நின்று முழுவதும் கேட்டார். அதே வரிகள், அதே நாலு கார்டு, அதே வாசல். வாசல்மட்டும் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. பாடியவனுக்கு மிஞ்சிப்போனால் இருபத்திரண்டு வயது இருக்கும். உலகத்தில் இருக்கிற எல்லா ரோடும் தனக்குத்தான் என்று நினைக்கிற குரல். கௌதள்ளியிலிருந்து பஸ் ஏறியபோது அவரே அப்படித்தான் இருந்தார்.

"இதுவும் நல்லாத்தானுங்க இருக்குது," என்றார். பிறகு தீபக்கிடம், "எடுப்பா" என்றார்.

தீபக் கிடாரை எடுத்தான். விரல்கள் ரிக்கார்டின் வேகத்திலேயே தொடங்கின. இரண்டு சுற்றுப் போனதும் அவனே நிறுத்தி, "சாரிண்ணா," என்று மறுபடியும் ஆரம்பித்தான். இந்தமுறை தணிந்து வந்தது. மைக் இல்லை, டிரம் இல்லை. நோட்டு பெட்டிக்குள் இருந்தது, அவருக்கு அது தேவையாகவும் இல்லை. முதல் வரியை அவர் ஜன்னலைப் பார்த்துப் பாடினார். ஹோட்டலிலும் ஜன்னல் பக்கம்தான் பார்ப்பார்.

வாசல் வந்தது. கிடார் நின்றது, அவரும் நின்றார். அந்த இடத்தில் பதினோரு வருஷம் அசைந்த உதடு இல்லை. நிற்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நின்றுவிட்டார்.

அந்த இடைவெளியில் ஸ்ரீவத்ஸன் நுழைந்தார். ரிக்கார்டோடு வளர்ந்தவர், அதன் கணக்கிலேயே வரியை எடுத்துவிட்டார். கூடத்தில் அவர் குரல்மட்டும் தனியாக முன்னால் ஓடியது. பாதிச் சொல்லில் உணர்ந்து நிறுத்தி, காது சிவந்து, "மன்னிச்சுக்கோங்கோ" என்றார்.

"அவசரம்," என்றார் லலிதாம்பாள். "அப்படியே அவரோட காலேஜ் வயசு."

அய்யாசாமி சிரிக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. கூட்டுவரியைத் தனியே பாடி முடித்து அடுத்த பகுதிக்குப் போனார். பின்பாதியில் மறுபடியும் வாசல் வந்தது. இந்தமுறை ஸ்ரீவத்ஸன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கிடார் நின்றது. தெருவில் ஒரு காய்கறி வண்டிக்காரர் விலை கூவிக்கொண்டு போனார். அவர் குரல் தேய்கிறவரைகூட நாலு பேரும் காத்திருந்தார்கள். அய்யாசாமி லேசாகத் தலையசைத்தார். போகும்போது ஜகதீசன் அசைப்பாரே, அந்த அளவு. மகன் சரியான இடத்தில் உள்ளே வந்தார். குரல் உடைந்திருந்தது, ஆனால் நடை தப்பவில்லை. ஒரு வரி, அவ்வளவுதான். அதற்குமேல் அவரால் முடியவில்லை. மீதியை அய்யாசாமி பாடினார்.

லலிதாம்பாள் பாடவில்லை, அழவும் இல்லை. முடிந்ததும் எழுந்து, விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, "ஆச்சு" என்றார். "இதைத்தான் கேக்கணும்னு இருந்தது."

வெளியே வந்து தீபக் ஸ்கூட்டரைக் கிளப்பினான். அக்ரஹாரத்து ரவுண்டானாவைத் தாண்டியதும், "அண்ணா, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றான்.

"சொல்லு."

"சனிக்கிழமை மூணை அசல் ஸ்பீடுல வாசிக்கலாம்னு நானும் டிரம்மரும் பேசி வெச்சிருந்தோம். நீங்க வரலேன்னா நானே பாடறதா."

"உனக்கு அந்தக் கொரல் இருக்குதா?"

"இல்லதான்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, ஆய்த்து. பேட்டரி இறங்கின ஸ்பீடுதான்."

அய்யாசாமி அவன் முதுகில் ஒன்று வைத்தார். வலிக்கிற மாதிரிதான் வைத்தார்.

சனிக்கிழமை நாலு மணிக்குச் சாரத்தைவிட்டு இறங்கினார். சாமியாத்தாள் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள். எட்டே கால் ஆயிற்று. ஜன்னலோர மேஜையில் வேறு யாரோ குடும்பமாக உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தார்கள். சீட்டு வரவில்லை. வராது என்று அவருக்குத் தெரியும். தீபக்கின் பக்கம் திரும்பி மூன்று விரலைக் காட்டினார்.

கூட்டத்தில் இரண்டு பேர் போனைத் தூக்கினார்கள். அவர் பார்த்தார், பாடினார். வாசல் வந்தபோது டிரம் நின்றது, கிடார் நின்றது. அந்த இடத்தில் அவர் எப்போதையும்விட இன்னொரு மூச்சு அதிகமாக நின்றார், ஜன்னலைப் பார்த்தபடி.

யாரோ உள்ளே வந்தார்கள். பிறகு எல்லோரும் வந்தார்கள்.